இரு வலவர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பிற்பகல் வேளை. மேல்வகுப்பு மாணவர்க்கு நளவெண்பாவிற் கலிநீங்கு காண்டத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். வாகுவன் என்னும் பெயரோடு உருமாறி வாழும் நளன், அயோத்தி வேந்தனாகிய இருதுபன்னனைத் தேரேற்றிக்கொண்டு குண்டினபுரம் நோக்கி விரைகின்றான். வேந்தனது மேலாடை நழுவி வீழ்கின்றது. அதனை எடுக்கவேண்டுமென்று அவன் வாய்திறந்து சொல்லி முடிப்பதற்குள் ஆடை வீழ்ந்த இடம் பல காதம் பின்னே போய்விடுகின்றது. வகுப்பு முழுதும் மெய்ம்மறந்து கேட்டது. கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, நளன் இப்போது இருந்தால் போர்மியூலா 1 ஓடியிருப்பானா?"

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். "இரு தம்பி, முதலிற் பாடத்தைப் பார்" என்று கூறி அவனை அமர்த்திவிட்டு அடுத்த பாட்டுக்குச் சென்றேன்.

ஈராண்டு கழிந்தது. அதே மாணவன் ஓரிரவு நிலாவெளிப் பாதையில் நண்பரோடு பந்தயம் வைத்து மோட்டார் சைக்கிள் ஓடி வீழ்ந்தான். மருத்துவமனைக் கட்டிலிற் காலிற் கட்டோடு கிடந்தவனைக் காணச் சென்றேன். அறிவுரை கூறுவதற்கென்று வழியெல்லாம் சொற்களைத் தொகுத்துக்கொண்டு சென்றவன் நான். அவனோ என்னை முந்திக்கொண்டு, "எனக்கு ஓடத் தெரியும் ஐயா. ஓட இடந்தான் இல்லை" என்றான்.

அவன் செய்தது பெரும் பிழை. அவனுக்கும் பிறர்க்கும் உயிர்க்கேடு விளைக்கவல்ல பிழை. ஆயினும், அவன் கூறியது முழுதும் பொய்யென்று தள்ள என் மனம் இசையவில்லை. அன்று வகுப்பில் அவன் கேட்ட வினாவுக்கு நான் விடை கூறவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மோட்டார் வண்டியைப் பற்றிப் பேருந்திற் பயணஞ்செய்யும் அளவுக்கன்றி வேறொன்றும் அறியாத யான், அவன்பொருட்டு அத்துறையைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். படித்தவற்றுள், ஒரே மாதத்தில் இருவேறு நாடுகளிற் பிறந்த இரண்டு இளைஞரின் வரலாறு என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

வலவனும் அவன் கலையும்

தேர் செலுத்துவோனை வலவன் என்றும் பாகன் என்றும் வழங்கினர் பண்டைத் தமிழர். முல்லைத்திணைப் பாடல்களில், வினைமுடித்து மீளும் தலைவன் தன் நெஞ்சைத் திறந்து பேசுவது பெரும்பாலும் இவ்வலவனோடுதான். கார்காலம் வந்துவிட்டது, அவள் காத்திருப்பாள், தேரை விரைந்து செலுத்துக என்று வேண்டுவான். விரைவு மாத்திரம் வலவனுக்கு அழகாகாது என்பதையும் அப்புலவர்கள் அறிந்திருந்தனர். பூவில் தேனுண்ணும் வண்டினம் மணியோசை கேட்டு வெருளாதிருத்தற்பொருட்டு மணியின் நாவைக் கட்டித் தேரோட்டிவரும் தலைவனையும் அகநானூறு காட்டுகின்றது. விரைவும் அருளும் ஒருங்கு அமைந்ததே தேர்த்தொழில்.

நளன் கதையிலே இன்னுமொரு நுட்பம் உண்டு. வழியில் நின்ற தான்றி மரத்திற் காய்த்திருந்த காய்களின் தொகையைத் தேரிலிருந்தபடியே இருதுபன்னன் கணித்துச் சொல்லுகின்றான். நளன் வியந்து, தனது தேர்த்தொழிலை அவனுக்குக் கொடுத்து, அவனது கணக்குத் தொழிலைத் தான் பெறுகின்றான். பெற்ற பின்னரே கலி அவனை விட்டு நீங்குகின்றது. கையின் திறமும் கணக்கின் திறமும் கூடியவிடத்தே நற்காலம் பிறக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்கால மோட்டார்ப் பந்தயம் இவ்விரண்டும் கூடிய கலையேயாகும். போர்மியூலா என்பது, வண்டியின் எடை, இயந்திரத்தின் அளவு, சக்கரம் முதலியவற்றை வரையறுக்கும் விதித்தொகுதியைக் குறிக்கும். அவ்விதிகளுள் தலையாயதற்கு அமைந்த பந்தயமே போர்மியூலா 1. உலகப் பட்டத்துக்குரிய போட்டியாக அது 1950ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஒரு போட்டியின் தூரம் பெரும்பாலும் 305 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குள்ள தூரத்தினும் இது மிகுதி. நமது பேருந்து அரைநாளைச் செலவிட்டுக் கடக்கும் அத்தூரத்தை அவ்வலவர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற் கடப்பர். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, ஒரு நொடியில் 83 மீற்றரைக் கடந்துவிடும். கொடிய வளைவுகளில் வலவனது தலையும் தலைக்கவசமும் தம் எடையைப்போல் நான்கைந்து மடங்கு கனத்துக் கழுத்தை ஒருபுறம் இழுக்கும். வெப்பமிக்க நாட்டிலே போட்டி நிகழின் வியர்வையால் உடலின் எடை இரண்டு மூன்று கிலோகிராம் குறைதலும் உண்டு. இத்தனைக்கும் இடையே, சக்கரத்தின் தேய்வையும் எரிபொருளின் அளவையும் மனம் கணித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். வண்டியிலிருந்து வரும் அளவுகளைக் கணித்துரைக்கப் பொறியியலாளர் கூட்டம் ஒன்று புறத்தே காத்திருக்கும். இருதுபன்னன் கணக்கு இங்கே கணினிக் கணக்காகியது, அவ்வளவே.

ஒரு மாதம், இரு மைந்தர்

1977ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கோயம்புத்தூரிலே நரேன் கார்த்திகேயன் பிறந்தார். பதினான்கு நாட்கள் கழித்து, ஜனவரி 28இல், யப்பானின் தலைநகராகிய தோக்கியோவிலே தக்குமா சாத்தோ பிறந்தார். இருவரும் பின்னாளிற் போர்மியூலா 1 வலவராயினர். இருவர் வழிகளும் பலகால் ஒன்றையொன்று குறுக்கிட்டன. ஆயினும் இருவர்க்கும் வாய்த்த நிலம் வேறு.

கோயம்புத்தூர் இயந்திரத் தொழிலில் ஊறிய நகரம். இந்தியாவிலே மின்மோட்டாரை முதன்முதல் உள்நாட்டில் ஆக்கிய ஜி. டி. நாயுடு வாழ்ந்த ஊர். நரேனுடைய தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன், 'ரலி' எனப்படும் நெடுந்தூர மோட்டார்ப் பந்தயங்களிற் பெயர் பெற்றவர்; தென்னிந்திய ரலியை ஏழு முறை வென்றவர். அவ்வூரினரே ஆகிய கரிவரதன், சிறிய மாருதிக் காரின் இயந்திரத்தை வைத்துப் போர்மியூலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை ஆக்கினார். பெருஞ்செலவின்றி இளைஞர் பந்தயம் பழகுவதற்கு அவ்வண்டி வாயில் திறந்தது. அக்கரிவரதன் 1995இல் வான்விபத்திலே காலமானார். இன்று கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள பந்தயக்களம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நரேனுடைய முதற் போட்டி இப்போர்மியூலா மாருதியிலேதான் நிகழ்ந்தது. சென்னையை அடுத்த சிறீபெரும்புதூர்ப் பகுதியிலே, இருங்காட்டுக்கோட்டைக் களத்தில், தமது முதற் போட்டியிலேயே அவர் முதன் மூவருள் ஒருவராக வந்தார். மாருதியின் இயந்திரம் யப்பானியச் சுசுக்கி நிறுவனத்தின் ஆக்கம் என்பது கருதத்தக்கது. தமிழ்நாட்டு இளைஞனின் முதல் தேரிற் பூட்டிய குதிரை யப்பானிலிருந்து வந்தது.

அதற்குமேற் செல்லத் தாய்நாட்டிற் படிகள் இல்லை. பதினைந்தாம் வயதில், 1992இல், பிரான்சிலுள்ள எல்ப் வின்பீல்ட் பந்தயப் பள்ளியிற் பயின்று அங்கு நடந்த தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை சென்றார். அடுத்த ஆண்டு இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் மாறிமாறி ஓடினார். 1994இல் பிரித்தானியப் போர்மியூலா போர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். ஐரோப்பாவிற் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. 1996இற் போர்மியூலா ஆசியா பட்டத்தையும் பெற்றார். இங்ஙனம் ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு நாட்டிலே தேடித் தேடி ஏறவேண்டிய நிலை அவருடையது. ஒவ்வோராண்டும் அடுத்த ஆண்டுக்கான பணத்துக்குப் புரவலரை நாட வேண்டியிருந்தது.

சாத்தோவின் இளமை வேறு வகையினது. பத்து வயதுச் சிறுவனாக 1987இல் சுசுக்காவில் நடந்த யப்பானியப் பெரும்பரிசுப் போட்டியைக் கண்டு மயங்கியவர் அவர். ஆயினும் நெடுங்காலம் அவருக்குப் பந்தய வண்டி கிட்டவில்லை. மிதிவண்டிப் பந்தயத்திலே தம் ஆசையைத் தணித்துக்கொண்டு அதிற் சிறந்து விளங்கினார். பத்தொன்பது, இருபது வயதில் மோட்டார்ப் பந்தயத்துக்கு வருதல் அத்துறையில் மிகப் பிந்தியதாகும். எட்டு வயதிலே தொடங்குவோர் மிகப் பலர். அவருக்கோ, சுசுக்காவிலே ஹொண்டா நிறுவனத்தார் நடத்திய பந்தயப் பள்ளி ஒன்று வாசல் திறந்து நின்றது. வயதெல்லை முடியும் தறுவாயில் விண்ணப்பித்து அதிற் சேர்ந்து, உதவித்தொகையை வென்று, அந்நிறுவனத்தின் துணையோடு இங்கிலாந்து சென்றார். நரேன் பதினைந்து வயதிற் கடல்கடந்தும் தேடிய படிக்கட்டு, இருபது வயதிலே தொடங்கிய சாத்தோவுக்குச் சொந்த நாட்டிலே கட்டி வைக்கப்பட்டிருந்தது.

இங்கிலாந்திலே இருவரும் ஒரே களத்திற் சந்தித்தனர். 2000ஆம் ஆண்டுப் பிரித்தானியப் போர்மியூலா 3 தொடரின் முடிவிலே சாத்தோ மூன்றாமிடத்தினர்; நரேன் நான்காமிடத்தினர். அதே ஆண்டில் நரேன் பெல்சியத்து ஸ்பா களத்திலும் தென்கொரியாவிலும் பன்னாட்டுப் போர்மியூலா 3 போட்டிகளை வென்றார். திறத்திலே இருவர்க்கும் இடையே பெரிய தூரம் இருந்ததாகச் சொல்லுதல் அரிது. தூரம் அடுத்த ஆண்டிலே தோன்றிற்று.

2001இல் சாத்தோ அதே தொடரிற் பட்டம் வென்றார். ஹொண்டா இயந்திரம் பூட்டிய ஜோர்டன் அணியில் 2002ஆம் ஆண்டுக்கு அவருக்கு இடம் கிடைத்தது. நரேன் அவ்வாண்டு யப்பானுக்குச் சென்று போர்மியூலா நிப்பொன் தொடரில் ஓடிக்கொண்டிருந்தார். 2001 ஜூன் 14இல், இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில், ஜகுவார் அணியின் வண்டியைச் சோதனையாக ஓட்டிப் போர்மியூலா 1 வண்டியைச் செலுத்திய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டிற் பிற்பகுதியிலே அதே ஜோர்டன் அணியின் வண்டியையும் சோதனையாக ஓட்டினார். சோதனை முடிந்தது, இடம் கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டுக்கு மினார்டி அணி இடந்தர முன்வந்தபோது, அதற்கு வேண்டிய புரவலர் பணம் திரளவில்லை. வாயில் வரை வந்த வாய்ப்பு மீண்டு போயிற்று.

இந்தியானாபொலிசு

தாத்தா முதலிய நிறுவனங்கள் பின்னர்க் கைகொடுக்க, 2005 மார்ச் 6ஆம் நாள், மெல்பேணிலே, ஜோர்டன் அணியின் வலவராக நரேன் தம் முதற் போர்மியூலா 1 போட்டியை ஓடினார். பதினைந்தாமிடம் பெற்றார். அவரது வண்டியின் இயந்திரம் டொயோட்டா; சக்கரம் பிரிட்ஜ்ஸ்டோன். இரண்டும் யப்பானியம்.

அவ்வாண்டு ஜூன் 19இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிசுக் களத்திலே நடந்தது பந்தய வரலாற்றில் மறக்கவொண்ணாதது. மிசெலின் சக்கரங்கள் அக்களத்தின் சாய்ந்த பெருவளைவைத் தாங்கமாட்டா என்பது முந்திய நாட்பயிற்சியிலே தெரியவந்தது. வளைவிலே வேகத்தைக் குறைக்க வழி செய்யவேண்டுமென அச்சக்கரம் பூட்டிய அணிகள் கேட்டன, ஆட்சியாளர் இசையவில்லை. தொடக்கச் சுற்று முடிந்ததும், ஏழு அணிகளின் பதினான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் சக்கரம் பூட்டிய ஆறு வண்டிகளே ஓடின. நரேன் நான்காமிடம் பெற்றார். போர்மியூலா 1இல் இந்தியர் ஒருவர் முதன்முதற் புள்ளி பெற்ற நாள் அது. ஐந்து புள்ளிகள். அவர் தம் போர்மியூலா 1 வாழ்வில் ஓடிய 46 போட்டிகளிலும் பெற்ற புள்ளிகள் அவ்வளவே.

ஆறு பேருள் நான்காமவன் என்று அதனை எள்ளி நகையாடுவோர் உளர். அன்று கொட்டகைக்குத் திரும்பிய பதினால்வருள் சாத்தோவும் ஒருவர் என்பதையும் கருதவேண்டும். முந்திய ஆண்டு அதே களத்தில் மூன்றாமிடம் பெற்று மேடையேறியவர் அவர். திறம் இருந்தும் சக்கரம் கைவிட்டது. நரேனுக்குச் சக்கரம் கைகொடுத்தது. நல்ல வண்டி இல்லை. வலவன் ஒருவன் தனித்து வெல்லுதலும் இல்லை, தனித்துத் தோற்றலும் இல்லை என்பதற்கு அந்நாளினும் சிறந்த சான்று காணல் அரிது.

அதன்பின் நரேன் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வில்லியம்சு அணியின் சோதனை வலவராக இருந்தார். 2007 டிசெம்பரிற் சீனாவின் ஜுஹாய் களத்திலே, நாடுகளுக்கிடையிலான ஏ1 தொடரில், இந்தியாவுக்கு முதல் வெற்றியை ஈட்டினார். 2010இல் இந்திய அரசு பத்மசிறீ விருதளித்தது. 2011, 2012ஆம் ஆண்டுகளில் எச்.ஆர்.டி. என்னும் மிக மெலிந்த அணியிலே மீண்டும் போர்மியூலா 1 ஓடினார். 2011 ஒக்ரோபர் 30இல் டில்லியை அடுத்த புத்தர் களத்திலே இந்தியாவின் முதற் பெரும்பரிசுப் போட்டி நடந்தபோது, ஓடிய ஒரே இந்தியர் அவரே, பதினேழாமிடம் பெற்றார். அப்போட்டி 2013ஓடு நின்றுபோயிற்று. சென்னையில் 1984இற் பிறந்த கருண் சந்தோக்கும் 2010இல் இவ்வரங்கிற் புகுந்தார். இவ்விருவர்க்குப்பின் இந்தியாவிலிருந்து எவரும் இன்றுவரை போர்மியூலா 1 போட்டியில் ஓடவில்லை. பெருங்களம் ஒன்று கட்டப்பட்டது. களத்துக்கு வலவரை அனுப்பும் பள்ளி கட்டப்படவில்லை.

சாத்தோ 2008 வரை போர்மியூலா 1இல் ஓடினார். பின்னர் அமெரிக்கா சென்று, 2017 மே மாதத்தில், அதே இந்தியானாபொலிசிலே, ஐந்நூறு மைல் பந்தயத்தை வென்றார். அதனை வென்ற முதல் ஆசியர் அவர். 2020இலும் வென்றார். 2019இலே, தம்மை வளர்த்த சுசுக்காப் பள்ளிக்குத் தலைவரானார். அதே பள்ளியிற் பயின்றவரே, 2000இற் பிறந்த யுக்கி சுனோடா. 2021இல் தமது முதற் போர்மியூலா 1 போட்டியிலேயே ஒன்பதாமிடம் பெற்றுப் புள்ளி ஈட்டிய இளைஞர் அவர். மாணவன் ஆசிரியனாகின்றான், மீண்டும் மாணவன் தோன்றுகின்றான். இந்தச் சங்கிலிதான் நரேனுக்கு வாய்க்காத செல்வம்.

யப்பான் தந்த விடை

நரேன் கதை இவ்விடத்திலே முடிந்திருப்பின் அது வருத்தத்தோடு முடிந்திருக்கும். அங்ஙனம் முடியவில்லை. 2014 முதல் ஐந்தாண்டுகள் அவர் யப்பானியச் சுப்பர் போர்மியூலாத் தொடரில் ஓடினார். அவற்றுட் கடைசி ஈராண்டும் அவரை ஏற்றுக்கொண்டது நக்காஜிமா அணி. அதன் தலைவர் சத்தோரு நக்காஜிமா, 1987இற் போர்மியூலா 1இல் முழு ஆண்டும் ஓடிய முதல் யப்பானியர். சாத்தோவுக்கு முன்னர்ச் சுசுக்காப் பள்ளியின் தலைவராயிருந்தவரும் அவரே. சிறுவன் சாத்தோ சுசுக்காவிற் கண்டு வியந்த போட்டியில் ஓடியோருள் ஒருவரான அவர், முப்பதாண்டு கழித்துக் கோயம்புத்தூர் வலவருக்கு வண்டி கொடுத்தார். 2019 நவெம்பர் 24இல், பியூஜி மலையடிவாரக் களத்திலே, யப்பானிய வண்டிகளும் செருமானிய வண்டிகளும் கலந்தோடிய சிறப்புப் போட்டியில், அவ்வணியின் ஹொண்டா வண்டியை ஓட்டி நரேன் முதலிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

இதனைப் படித்தபோது எனக்கு என் பாட்டனார் நினைவு வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்திற் குண்டுமழை பொழிந்ததை அவர் கதைகதையாகச் சொல்லுவார். அவர் வாயிற் 'யப்பான்காரன்' என்பது அச்சத்தின் பெயர். மூன்றாண்டு கழிந்து அந்நாடே தோற்றுச் சாம்பலாயிற்று. அச்சாம்பலிலே, 1948இற் சொய்ச்சிரோ ஹொண்டா சிறியதோர் இயந்திர நிறுவனத்தைப் பதிவு செய்தார். 1962இல் அந்நிறுவனம் சுசுக்காவிலே களம் அமைத்தது. 1965இல் அதன் வண்டி மெக்சிக்கோவிற் போர்மியூலா 1 போட்டியொன்றை வென்றது. போர் முடிந்து களம் அமைவதற்கு அவர்கள் எடுத்தது பதினேழு ஆண்டு. வென்றதற்கு இருபது ஆண்டு. இன்று நம் கோணேசர் மலையடிவாரம் முதல் இலங்கைத்துறை முகத்துவாரம் வரை தெருவெல்லாம் ஓடுவனவற்றுள் யப்பானிய வண்டி எத்தனை என்பதை எண்ணிப் பார்ப்பார்க்கு, அப்பதினேழாண்டின் பொருள் விளங்கும்.

நம் நாட்டிலும் போர் முடிந்து 2009க்குப்பின் ஆண்டுகள் பல கழிந்தன. நாமும் பந்தயக்களம் கட்டவேண்டும் என்று யான் கூற வரவில்லை. மலையகத்து மகாகஸ்தோட்டையிலே மலையேற்றப் பந்தயம் 1930களிலேயே தொடங்கியது; மோட்டார்ப் பந்தயம் இலங்கைக்குப் புதிதன்று. காப்பில்லாத களம் எத்தகைய கேடு விளைக்கும் என்பதையும் கண்டோம். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவையில், பந்தயப் பாதையை விட்டு விலகிய கார் பாய்ந்ததிற் குழந்தையுட்பட எழுவர் உயிரிழந்தனர். களம் என்பது தார் ஊற்றிய நிலம் மாத்திரம் அன்று. வேலியும், விதியும், மருத்துவரும், கற்பிப்போரும் கூடியதே களம். அவை இல்லாதவிடத்தில் வேகம் கொலைக்கருவி.

யான் வேண்டுவது சிறிது. இளைஞர் நெஞ்சில் எழும் விரைவு வேட்கை பழியன்று. முல்லைத் தலைவனுக்கும் அது இருந்தது. அதனைப் பழித்து அமர்த்துவதோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடாது. அன்று வகுப்பில் யான் அவ்வாறே முடித்துக்கொண்டேன். மாவட்டந்தோறும் மோட்டார் இயந்திரத் தொழிற்கல்வியைச் செம்மையாக நடத்துதலும், பொதுத்தெருவுக்குப் புறம்பே, வேலியிட்ட நிலத்தில், கண்காணிப்போடு வண்டி பழக ஓரிடம் அமைத்தலும், அங்கே திறங்காட்டுவோனை அடையாளங்கண்டு மேலிடத்துக்கு அனுப்புதலும் நம் வலிமைக்கு அப்பாற்பட்டன அல்ல. கரிவரதன் ஆக்கியது சிறிய காரின் இயந்திரம் பூட்டிய சிறிய வண்டி. அதிலிருந்துதான் ஒருவர் மெல்பேண் வரை சென்றார்.

அம்மாணவன் பிழைத்தெழுந்தான். கால் சற்றுத் தாங்கித்தான் நடக்கின்றான். இப்போது நகரில் ஒரு கராசிலே யப்பானிய மோட்டார் சைக்கிள்களைத் திருத்தும் வேலை பார்க்கின்றான். இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே நோய் இன்னதென்று சொல்லிவிடுவானென்று அயலார் மெச்சுகின்றனர். அண்மையில் அவனைக் கண்டபோது, இரு வலவர் கதையையும் முழுதாகச் சொன்னேன். கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வையாமலே கேட்டான். முடிவில், பல ஆண்டு பிந்திய விடையையும் சொன்னேன்.

"தம்பி, நளன் இப்போது இருந்தால் கட்டாயம் ஓடியிருப்பான். ஆனால் ஒன்றை மறவாதே. உருக்குலைந்து வந்த அவனிடம் ஊரும் பேரும் நோக்காது, கைத்திறத்தை நம்பித் தேரும் குதிரையும் கொடுத்தவன் இருதுபன்னன். அவன் இல்லாவிட்டால் நளன் கலையைக் குண்டினபுரம் கண்டிராது."

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பின்பு கேட்டான்:

"எங்கட ஊரில் அந்த இருதுபன்னன் ஆர் ஐயா?"

இம்முறை யான் சிரிக்கவில்லை. விடையும் என்னிடம் இல்லை. வினாவை, இதனைப் படிக்கும் ஆசிரியர் முன்னும் ஊர்ப் பெரியோர் முன்னும் அப்படியே வைக்கின்றேன்.